வெறும் வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

பாகூர், வில்லியனூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் காலையிலேயே ஒரு வரிசை நிற்கும். வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட் எடுக்க வந்தவர்கள். சீட்டு கைக்கு வந்ததும் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. அதுக்கப்புறம் டீ கூடக் குடிக்கல. அப்புறம் எப்படி நூத்தி அறுபது?"

சிலர் மெஷின் சரியில்லை என்பார்கள். சிலர் அடுத்த முறை ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டு வருவார்கள். அப்போதும் நம்பர் பெரிதாக இறங்கியிருக்காது. மாத்திரையால் பிரயோஜனம் இல்லை என்று அதையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உண்மையில் இது அசட்டுக் கேள்வி இல்லை. சாப்பிடாத சர்க்கரை ரத்தத்தில் எப்படி வந்தது என்று 1848-இல் பாரிஸில் ஒருவர் கேட்டார். அவர் பெயர் க்ளோத் பெர்னார். அப்போது பாகூரும் வில்லியனூரும் அந்த பிரான்ஸின் ஆட்சியில்தான் இருந்தன என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது; ஏரியை நம்பி நெல். அந்த நெல்லின் சோறு ஒரு வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டால் அதில் மாவுச்சத்து மட்டும் 100 கிராமுக்கு மேல் இருக்கும். வாயில் மெல்லும்போதே எச்சில் அதை உடைக்கத் தொடங்குகிறது (சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிப்பது இதனால்தான்). குடலில் முழுவதும் உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது. ஆனால் ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம். ஒரு டீஸ்பூன்! நூறு கிராம் வரவு, கையிருப்பு ஐந்து கிராம். மீதி எங்கே?

பெர்னார் காலத்துக்கு முன்னால் இதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. சர்க்கரையைத் தயாரிப்பது செடிகொடிகளின் வேலை, விலங்குகள் அதைத் தின்று எரிக்க மட்டுமே செய்யும் என்பதுதான் அன்றைய விஞ்ஞானிகளின் முடிவு. பெர்னார் திராட்சைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. லியோனில் ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாக வேலை பார்த்தவர். நாடகம் எழுதிப் பெயர் வாங்கலாம் என்று பாரிஸுக்கு வந்து, கடைசியில் மருத்துவம் படித்தார்.

சாப்பிட்ட சர்க்கரை உடம்பில் எங்கே மறைகிறது என்று தேடத்தான் அவர் நாய்களை வைத்துச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க சில நாய்களுக்கு வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தார். அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது! குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை; கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் மட்டும் இருந்தது. அப்படியானால் அது கல்லீரலின் சரக்கு.

1855-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். ஒரே கல்லீரலில் சர்க்கரையை இரண்டு தடவை அளப்பது அவர் வழக்கம். ஒரு நாள் நேரமில்லாமல் இரண்டாவது அளவை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டார். மறுநாள் பார்த்தால் சர்க்கரை அதிகம். வேறொருவராக இருந்தால் கைத்தவறு என்று விட்டிருப்பார். பெர்னார் விடவில்லை. புதிய கல்லீரல் ஒன்றை எடுத்து அதன் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்திக் கழுவினார், சர்க்கரை சுத்தமாகப் போகும்வரை. அப்படியே வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தார். மறுபடியும் சர்க்கரை!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். தொடக்க இருப்பு பூஜ்யம், கொள்முதல் பூஜ்யம், ஆனால் இறுதி இருப்பில் சரக்கு நிற்கிறது. அப்படியென்றால் கணக்கில் வராத ஒரு குடோன் உள்ளே இருக்கிறது. 1857-இல் அந்தக் குடோன் சரக்கையே பெர்னார் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுதான் கிளைகோஜன். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கிளை கிளையாகக் கோத்து வைத்த மூட்டை. நம் வீடுகளில் அந்தக் காலத்தில் மண் குதிரில் நெல்லைக் கொட்டி வைத்து அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்துக் குத்திக்கொள்வார்கள் அல்லவா, அதே ஏற்பாடு. ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் கொள்ளும். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும் என்பதால், நாம் தூங்கும்போது இந்தக் குதிரிலிருந்து இரவு முழுவதும் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட், நேற்றுச் சாப்பிட்ட சோற்றைவிடக் கல்லீரல் இரவில் இறக்கிய சர்க்கரையைத்தான் அதிகம் காட்டுகிறது.

குதிர் காலியானால் என்ன ஆகும்? அதை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் நம் ஜனங்கள் காட்டிவிட்டார்கள். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றியிருந்த சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு ஆங்கில அரசின் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்பது 454 கிராம், அரிசியாக இருந்தால் சுமார் 1,600 கலோரி. வெயிலில் கல்லும் மண்ணும் சுமக்கிற உடம்புக்கு அது எப்படிப் போதும்? சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது ஆளைத் தேய்க்கும் கூலி என்று எதிர்த்து வாதாடினார். பிறகு கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது.

உடம்புக்குள் நடந்தது இதுதான். பட்டினியில் கல்லீரலின் கையிருப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். எனவே கல்லீரல், தசையில் உள்ள புரதத்தைக் கரைத்துச் சர்க்கரை செய்யத் தொடங்கும். கொழுப்பும் சேர்ந்து எரியும், அது இருக்கும்வரை. அந்தப் பஞ்சத்தின் புகைப்படங்களில் தெரியும் எலும்புக்கூட்டு உருவங்கள், தன் தசையையே சர்க்கரையாக்கி மூளையைக் காப்பாற்றிய உடம்புகள். பஞ்சம் முடியாத 1878 பிப்ரவரியில்தான் பெர்னார் பாரிஸில் இறந்தார். பிரான்ஸ் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1880-இல், பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன்கள் பிரிக்கப்பட்டபோது வில்லியனூரும் பாகூரும் தனிக் கொம்யூன்கள் ஆயின.

குதிரைத் திறந்து மூடுவது யார் என்ற கேள்விக்குப் பதில் 1889-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் கிடைத்தது. மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது. (சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து மதுமேகம் என்று பெயர் வைத்த நம் பழைய வைத்தியர்கள் நோயை அடையாளம் கண்டிருந்தார்கள். காரணம் கணையத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.) 1921-22-இல் டொரோண்டோவில் பாண்டிங், பெஸ்ட், மெக்லியாட், காலிப் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். பாகூர்க்காரர்களுக்கு இதை ஏரியை வைத்தே சொல்லிவிடலாம். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது: தசைக்குப் போகும் வாய்க்கால் மடையைத் திறக்கிறது, கல்லீரல் என்ற ஏரியின் மதகை மூடுகிறது. பசி நேரத்தில் மதகைத் திறப்பது குளுக்ககான், அதுவும் கணையத்தின் சரக்குதான். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியில் இன்சுலின் சொல்வது கல்லீரலுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய இருந்தாலும் மதகு ராத்திரி பூரா ஒழுகுகிறது. நூத்தி அறுபது வந்த வழி இது. மெஷின் மேல் தப்பில்லை.

உண்மையில் பெரிய குதிர் கல்லீரல் அல்ல, தசை. அங்கே சுமார் 400 கிராம் கிளைகோஜன் கொள்ளும். ஒரே வித்தியாசம், தசைக்குள் போன சர்க்கரை திரும்ப ரத்தத்துக்கு வராது, அங்கேயே எரிந்தாக வேண்டும். அது எப்படி எரிகிறது என்ற கதையில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் வருகிறார். பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டுபிடித்தார் (ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார்). குளுக்கோஸ் பெரிய நோட்டு என்றால் ஏ.டி.பி. சில்லறை. தசை சில்லறையில்தான் செலவு செய்யும். கிளைகோஜன் நேராக லாக்டிக் அமிலமாகி தசையை இயக்குகிறது என்று நோபல் பரிசு பெற்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது. ஆனால் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை, நோபலும் இல்லை. தசையில் உண்டான லாக்டிக் அமிலம் கல்லீரலுக்குப் போய் மறுபடி சர்க்கரையாகிறது என்று காட்டிய கோரி தம்பதிக்கு, கிளைகோஜன் பற்றிய ஆராய்ச்சிக்காக 1947-இல் நோபல் கிடைத்தது.

ஒரு விஷயம் முக்கியம். வேலை செய்கிற தசை இன்சுலின் உத்தரவுக்குக் காத்திருக்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏர் ஓட்டி, நாற்று நட்டு, கதிர் அறுத்து, கட்டு சுமந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் தசைக் குதிர் காலியானது. மூன்று வேளைச் சோறும் அதில் போய் அடங்கியது. பிறகு போர்வெல் வந்தது, டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. யாரும் அவற்றைக் குறை சொல்ல முடியாது; முதுகெலும்பு ஒடிந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் தட்டில் சோற்றின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை. நிறைந்த குதிரில் மேலும் கொட்ட முடியாது. மிச்சம் கொழுப்பாக மாறி வயிற்றிலும் கல்லீரலிலும் சேர்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் பேச்சு எடுபடாமல் போகிறது. தாயின் வயிற்றில் சத்துக் குறைவாக வளர்ந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் இந்த ஆபத்து அதிகம் என்று ஹேல்ஸும் பார்க்கரும் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது சரியென்றால் பழைய பட்டினியின் பாக்கியும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியானது. நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி. புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். நாலில் ஒருவருக்கு மேல்!

மீண்டும் அந்த வரிசைக்கு வருவோம். அங்கே கொடுக்கப்படும் மாத்திரைகளில் முக்கியமானது மெட்பார்மின். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இருந்த ஒரு செடியின் சரக்கிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் வந்த மருந்து. அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டவர் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர். ஆண்டு 1957. பெர்னார் கிளைகோஜனைப் பிரித்தெடுத்து சரியாக நூறு ஆண்டுகள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்றாவது வருஷம். அந்த மாத்திரை செய்கிற பெரிய வேலை, ராத்திரியில் கல்லீரலின் மதகைக் கொஞ்சம் இறக்குவது. அதனால்தான் சாப்பிடாமல் வந்தாலும் அதை நிறுத்தாதீர்கள் என்று நர்ஸம்மா சொல்கிறார்.