தொட்டிலும் தராசும்

அரசு மருத்துவமனை வாசலில் வைக்கப்பட்ட தொட்டிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளர்க்க இயலாதவர்கள் பச்சிளங் குழந்தையைக் கொன்றுவிடாமல் அதில் இட்டுச் செல்லலாம்; யார், எவர் என்று கேட்பாரில்லை. 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அது வந்தது 2011-இல்.

ஏன் அந்த ஆண்டில்? மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் காரணம். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்குப் பெரம்பலூரில் 913 பெண்களும், அரியலூரில் 897 பெண்களுமே இருந்தனர். இயற்கையில் 100 பெண்களுக்குச் சுமார் 105 ஆண்கள் பிறப்பர். அதாவது 1000-க்கு ஏறத்தாழ 950 பெண்கள். எஞ்சியவர்கள் எங்கே?

பலர் பிறக்கவே இல்லை என்று கருத இடமுண்டு. வகுப்பில் நான் கற்பிக்கும் அதே மீயொலி அலைகளே கருவிலுள்ளது பெண் என்று காட்டிக் கொடுத்தன. அவ்வாறு கண்டறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் தொட்டில், பிறந்த குழந்தையைத்தானே தாங்கும்? திட்டத்தின் குறை இது என்றே நான் எண்ணுகிறேன்.

வாங்கிக்கொண்டால் மட்டும் போதுமா? இலண்டன் நகரின் அனுபவத்தைக் கேளுங்கள். தாமஸ் கோரம் என்ற மாலுமி நிறுவிய அனாதைக் குழந்தைகள் விடுதி 1741-இல் திறக்கப்பட்டது. 1756 முதல் 1760 வரை, வந்த குழந்தைகளை எல்லாம் ஏற்றுக்கொள்ளுமாறு பாராளுமன்றம் பணித்தது. ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தனர். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் மாண்டனர்! கிராமத்துச் செவிலித் தாய்மாரிடம் குழந்தைகளை ஒப்படைத்து, அவர்களைக் கண்காணிக்க அவ்வூர்ப் பெரியவர்களை அமர்த்தியிருந்தார்கள். ஆனால் அத்தனை குழந்தைகளுக்குச் செவிலியருக்கு எங்கே போவது? பின்னர், கூலிக்குக் குழந்தை வளர்ப்போர் பலரைச் சாகவிட்ட கொடுமை வெளிப்படவே, 1872-இல் அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பிரிட்டன் சட்டமியற்றியது.

நம் நாட்டில் சுவீகாரம் வெகுகாலம் பிள்ளையின் நலனுக்கன்று, கொள்ளி வைக்கும் மகனுக்காகவே. பெண்ணைத் தத்தெடுக்க இந்துச் சட்டம் வழிவிட்டதே 1956-இல்தான். அந்தச் சட்டத்திலும் குழந்தை எப்படி வளர்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் இல்லை. 2000, 2015-ஆம் ஆண்டுகளின் இளைஞர் நீதிச் சட்டங்கள் அதை மாற்றின. இன்று தொட்டிலில் கிடைத்த குழந்தைக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை, பெற்றோரைத் தேடுதல், குழந்தைகள் நலக் குழுவின் அறிவிப்பு, அதன்பின் தத்து. 2022 செப்டம்பர் முதல் ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

தத்துப்போன வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சென்று அறிக்கை தர வேண்டும். அந்தக் கெடு முடிந்தபின் தனிக் கண்காணிப்பு இல்லை. எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் அங்கன்வாடிக்கு வரும் ஊர்ப் பிள்ளைகளுள் அதுவும் ஒன்று.