ஒரே வாயில், இரண்டு நாடாக்கள்

இராணுவத்தினர் பதக்கங்களை அணிவது பெரும்பாலும் விழா நாட்களில்தான். ஏனைய நாட்களில் அவர்களது இடது மார்பில் இருப்பவை சிறு நாடாத் துண்டுகள் மாத்திரமே. செய்தியாளனாகப் பணியாற்றிய காலத்தில், ஓர் அதிகாரியுடன் பேசத் தொடங்குமுன் அந்த நாடாக்களை ஒருமுறை நோட்டமிடுவது எனது வழக்கமாயிருந்தது. அணிந்திருப்பவரின் இனத்தையும் நாடாவே காட்டிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு.

கிரிமியப் போரின் முடிவில், 1856 ஜனவரி 29ஆம் திகதி, விக்டோரியா மகாராணி தம் பெயரால் ஒரு சிலுவையை ஏற்படுத்தினார். பதவியோ குலமோ பாராது வீரம் ஒன்றையே கருத்திற்கொள்வது என்பது அதன் விதி. தரைப்படையினருக்குச் செந்நிற நாடா. கடற்படையினருக்கு நீல நாடா. 1857 ஒக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பனிப் படைகளின் ஐரோப்பியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. அப்படைகளிற் பெரும்பான்மையினரான இந்தியச் சிப்பாய்கள் விடப்பட்டனர். அவர்களுக்கெனக் கம்பனி 1837இலேயே ஏற்படுத்தியிருந்த ‘ஓர்டர் ஒவ் மெரிட்’ இருந்தது. அதன் நாடா கருநீலம். இரு ஓரங்களிலும் சிவப்பு.

இதன் பொருள் என்ன என்பதை அறிய 1857 செப்டெம்பர் 14ஆம் திகதி காலை டில்லியின் காஷ்மீர் வாயிலுக்குச் செல்லவேண்டும். கிளர்ச்சியாளர் வசமிருந்த அவ்வாயிலைத் தகர்க்க, வெடிமருந்து மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஒரு சிறு குழு துப்பாக்கிச் சூட்டினூடே ஓடியது. ஆங்கிலேயரும் இந்தியச் சிப்பாய்களும் அதில் இருந்தனர். இரு தரப்பிலும் உயிர்கள் போயின, வாயில் தகர்ந்தது. ஹோம், சால்கெல்ட், சிமித், ஹோதோர்ன் ஆகிய நால்வருக்கும் செந்நிற நாடா. உடன் ஓடிய இந்தியருக்குக் கருநீல நாடா.

கருநீல நாடாவுடன் மேலதிகச் சம்பளமும் கிடைத்தது, ஆகவே சிப்பாய்க்கு நட்டமில்லை என வாதிடுவோர் உளர். அந்தச் சம்பளத்துடன் சிவப்பு நாடாவையும் கொடுப்பதில் என்ன தடை இருந்தது? வீரம் ஒன்றே அளவுகோல் என்று எழுதிய கைகளுக்கு அந்த விதி எங்கே முடிகிறது என்பதும் தெரிந்தே இருந்தது.

1897இல் சாரகடிக் காவலரணில் இறுதிவரை போரிட்டு மடிந்த 21 சீக்கியப் படையினர் அனைவருக்கும் வழங்கப்பட்டதும் கருநீல நாடாவே.

1911 டிசெம்பரில், டில்லி தர்பாரின்போதுதான், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இந்தியப் படையினருக்கும் விக்டோரியா சிலுவையைத் திறந்துவிட்டார். மூன்றாண்டுகள் கழிந்து, 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி பெல்ஜியத்தின் ஹொலபெக்கேயில், தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் யாவரும் மாண்டபின்பும் படுகாயத்துடன் சுட்டுக்கொண்டிருந்தார் பலூச்சி ரெஜிமென்ட்டின் சிப்பாய் குதாதாத் கான். இறந்துவிட்டாரென எதிரிகள் விட்டுச்செல்ல, தவழ்ந்தே தம் படையைச் சென்றடைந்தார். இந்தியப் படையினருக்கான முதற் செந்நிற நாடா அவருடையது. காஷ்மீர் வாயில் தகர்ந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.