சித்திர சபையில் ஒரு முதற்பாடம்

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் உள்ளவை 12 சூத்திரங்கள். அடிகளை எண்ணினால் 40. ஒரு தாளின் இருபுறத்தில் அடங்கிவிடும். வாய்விட்டுப் படித்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் நெல்லைச் சீமையில் வாழ்நாளெல்லாம் அதையே பாடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டு முடித்தோம் என்று அவர்கள் சொன்னதில்லை.

முதல் சூத்திரம் மூன்றே அடி. அதற்குள் ஒரு முழு வாதம் இருக்கிறது. அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டத்தக்க இவ்வுலகம் தோன்றி, நின்று, மறைகிறது. ஆகவே தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும். மறைந்தது, உயிர்களின் மலம் தீராமையால், ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றும். ஆகவே ஒடுக்குகிறவன் எவனோ அவனே முதல்வன். இவ்வளவையும் மூன்று அடிக்குள் இறுக்கினால் தொடக்கத்தில் இருப்பவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டாருக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் சூத்திரத்தோடு வார்த்திகத்தையும், 81 எடுத்துக்காட்டு வெண்பாக்களையும் சேர்த்தே தந்தார்.

அவர் நடத்திய மிகச் சுருக்கமான பாடம் ஒன்றைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. மெய்கண்டார் வயதில் மிக இளையவர். அவருடைய குலகுருவாகிய அருணந்தி சிவாசாரியார், கல்வியிலும் வயதிலும் மூத்தவர், தம்மை வந்து காணவில்லையே என்ற மனக்குறையோடு தாமே எதிரில் வந்து, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். இளையவர் பதில் சொல்லவில்லை. கேட்டவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். பெரியவர் காலில் விழுந்து மாணவரானார். எழுதத் தேவையே இல்லாமல் போன அறிமுகம் அது. எல்லோருக்கும் அந்தப் பார்வை கிடைக்காது. நமக்கு நூல்தான் வேண்டியிருக்கிறது.

அந்த நூலை எழுதித் தந்தவரும் மெய்கண்டாரின் மாணவரே. திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், காப்பு உட்பட 54 வெண்பா. மாணவன் கேட்கிறான், ஆசிரியர் சொல்கிறார். முப்பத்தாறு தத்துவம் எவை, ஆணவம் எது, வினை எது, நான் யார், நீ யார், கூத்து என்ன, ஐந்தெழுத்து என்ன என்று கேள்விகளை முதலிலேயே வரிசையாக அடுக்கி வைத்துவிடுகிறான். எனக்கு இந்த நூலில் மிகப் பிடித்தது, ஆசிரியர் கண்ணால் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குவது. மண்ணுக்குச் சதுரம், நீருக்குப் பிறைமதி, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், வானத்துக்கு வட்டம். அவற்றுக்கு நிறம் பொன், வெண்மை, செம்மை, கருமை, புகை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் அட்டை போல இருக்கிறது. தத்துவ நூலில் இப்படி ஒரு பாடமா என்று பண்டிதர் முகம் சுளிக்கலாம். மாணவனுக்கு அது பிடித்துப் போய்விடும்.

கூத்துப் பகுதிக்கு வரும்போது குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஐந்து சபைகளில் தில்லை பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சிறிது தள்ளித் தனியே நிற்கும் சித்திர சபையில் ஆடவல்லான் செப்புத் திருமேனியாக இல்லாமல் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டத்தில் பாதி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறது. உள்ளே வருகிற குழந்தைகள் மட்டும் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள்: ஏன் ஒரு காலைத் தூக்கியிருக்கிறார்?

உண்மை விளக்கம் அதற்குத்தான் பதில் சொல்கிறது. உடுக்கை படைப்பு. அமைத்த கை காப்பு. ஏந்திய தீ அழிப்பு. ஊன்றிய கால் மறைப்பு. தூக்கிய கால் வீடுபேறு. இதோடு விடவில்லை, அடுத்து அதே உருவத்தில் ஐந்தெழுத்தையும் வைத்துக் காட்டுகிறது. திருவடியில் ந, உந்தியில் ம, தோளில் சி, முகத்தில் வ, முடியில் ய. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவனுக்குச் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்துக்குப் பாதி உரை கிடைத்தாயிற்று.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1918இல் நியூயார்க்கில் வெளியிட்ட ‘சிவ நடனம்’ என்ற நூல், மேலைநாட்டார் நடராசரைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. அந்த விளக்கத்துக்கு அவர் எடுத்தாண்ட தமிழ் நூல்களில் உண்மை விளக்கமும் ஒன்று. 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் மாவட்ட முன்சீபாக வேலை பார்த்தவருமான ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் உழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. தொடக்க மாணவனுக்கென்று எழுதப்பட்ட வெண்பா உலகம் சுற்றி வந்தது.

எளிமையில் ஒரு ஆபத்தும் உண்டு. இந்தப் பக்கத்து மேடைகளில் உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள அத்துவித உறவை விளக்க வருகிறவர்கள் கைக்கு எட்டிய உவமையை எடுத்துக்கொள்கிறார்கள். குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கூடிக் கடலில் கலப்பது போல உயிர் இறைவனில் கலக்கிறது என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். சித்தாந்தத்துக்கு அது முற்றிலும் தவறு. கலந்த நீரில் சிற்றாறு எது என்று யாரும் பிரிக்க முடியாது. ஆனால் வீடுபேற்றிலும் உயிர் உயிராகவே இருந்து இன்பம் நுகர்கிறது என்பதுதான் மெய்கண்டார் மரபின் உயிர்நாடி. திருவருட்பயனில் உமாபதி சிவம் இதற்குத் தேர்ந்தெடுத்த உவமையைப் பாருங்கள். தாள் என்பதும் தலை என்பதும் சேர்ந்தால் தாடலை. ஒலியில் ஒரே சொல். பிரித்துப் பார்த்தால் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழ்ப் பிள்ளை எவருக்கும் ஒரு நொடியில் விளங்கும். அருவி உவமையைவிடச் சிறியது, ஆனால் சரியானது.

பத்து அதிகாரம், நூறு குறட்பா கொண்ட அந்நூலில் ஆணவத்துக்குச் சொல்லும் கருத்தும் அப்படித்தான். சாரல் நேரத்தில் கரண்ட் போன இரவை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் எதுவும் தெரியாது. ஆனால் இருட்டாவது தெரியும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது.

நம் பக்கத்துப் பிள்ளையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785இல் மறைந்த சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு இரண்டு உரை செய்தார். மாபாடியம் பேருரை, மற்றது சிற்றுரை. பெயரைப் பார்த்துச் சிற்றுரையைக் கையில் எடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அளவில்தான் சிறிது. வடமொழித் தருக்கமும் தமிழிலக்கணமும் ஒருங்கே தெரிந்தவனுக்கு எழுதிய சுருக்கம் அது. முதலில் உண்மை விளக்கம், பிறகு திருவருட்பயன், அதன்பின் சிற்றுரை என்பதே என் அனுபவத்தில் சரியான வரிசை.

கடினமானதை எழுதிய கையே எளியதையும் எழுதுவது தென்காசிக்குப் புதிதல்ல. புலவர்க்கு ஔடதம் என்று பேர்பெற்ற நைடதத்தைச் செய்த தென்காசி அரசர் அதிவீரராம பாண்டியர்தான் சிறுவர்களுக்கு வெற்றிவேற்கையும் செய்தார். அரசர் இறங்கி வந்த இடத்துக்கு ஆசிரியர்கள் இறங்கி வரத் தயங்கவேண்டியதில்லை.

தென்காசியிலும் குற்றாலத்திலும் சித்தாந்த வகுப்பு நடத்தும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். வருகிற மார்கழித் திருவாதிரைக்கு முன் ஒரு நாள், மாணவர்களைச் சித்திர சபைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் உண்மை விளக்கம் மட்டும் இருக்கட்டும். ஓவியத்தின் முன் உட்கார்ந்து, தூக்கிய காலைப் பற்றிக் கேட்கும் பிள்ளையை முதலில் பேச விடுங்கள்.