பூகம்பத்துக்குக் குற்றவாளி உண்டு, வெண்மணிக்கு இல்லை

1934 ஜனவரி 15 பிற்பகலில் வடக்கு பிகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலானது. முசாபர்பூரும் காத்மாண்டு பள்ளத்தாக்கும் நொறுங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, காந்தி திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுக்க அவர் மேற்கொண்ட ‘அரிஜன யாத்திரை’ அப்போது தமிழகத்தில் நடந்துகொண்டிருந்தது. (அந்தப் பெயரை நாம் ஏற்பதில்லை. வரலாற்றில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.) தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே பிகார் பூகம்பம் என்பது அவர் பேச்சின் சாரம்.

சனாதனிகள் சும்மா இருப்பார்களா? தீண்டத்தகாதவர்களைக் கோயிலுக்குள் விடச் சொல்லி காந்தி ஊர் ஊராகப் போவதால்தான் தெய்வம் கோபித்துக்கொண்டது என்றார்கள். ஒரே பூகம்பம், ஒரே கடவுள், ஆனால் இரண்டு தீர்ப்புகள்!

இதில் தலையிட்டவர் தாகூர். தீண்டாமை கொடியது என்பதில் அவருக்கு காந்தியோடு கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இயற்கையின் சீற்றத்தை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு எதிரானது, இந்த வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்றாகப் பயன்படும் என்று அவர் கண்டித்தார். அவருடைய மறுப்பை 1934 பிப்ரவரி 16 ‘ஹரிஜன்’ இதழ் வெளியிட்டது. கூடவே காந்தியின் பதிலும் வந்தது. அவர் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

பூமித் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் இமயமலை அடிவாரம் அதிர்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் அறிவியலை விட்டுவிடுவோம். நாம் கேட்க வேண்டியது வேறு. தீண்டாமைக்கு எதிராகத்தானே காந்தி பேசினார், அதில் நமக்கு என்ன நட்டம்?

நட்டம் உண்டு. முதலாவது, பிகாரில் சேரிகளும் குலுங்கின. தீண்டாமை செய்தவனைத் தண்டிக்க வந்த கடவுள், அதை அனுபவித்தவனையும் சேர்த்துக் கொன்றார் என்றால் அது என்ன நீதி? இரண்டாவது, அந்தப் பாவம் எல்லோர் தலையிலும் பொதுவாக விழுந்தது. கோயில் கதவைப் பூட்டியவர், கிணற்றுக்கு வேலி போட்டவர் என்று எவரும் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. எல்லோரும் பாவி என்றால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததைப் பாருங்கள். கோயில் நுழைவுக்காக மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதா அப்போது நிலுவையில் இருந்தது. தேர்தல் நெருங்கியதும் காங்கிரசின் ஆதரவு நழுவியது. பூகம்பம் நடந்த அதே ஆண்டு ஆகஸ்டில் மசோதா கைவிடப்பட்டது. கடவுளின் தண்டனையைப் பற்றிப் பேச நாவுகள் இருந்தன. மனிதர் இயற்றும் சட்டத்துக்குக் கைகள் எழவில்லை.

மனிதக் கை எதுவும் படாத பேரிடருக்கே இத்தனை குற்றவாளிகளைக் கண்டுபிடித்த நாடு இது. மனிதக் கைகளே செய்த கொடுமைகளில் என்ன செய்தது?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் ஒரு குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பழி முதலில் போய் விழுந்தது கூலி கேட்கச் சொன்ன சங்கத்தின் மீது. நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 44 உடல்கள் இருந்தன, எரித்தவர் எவரும் இல்லை.

1999 ஜூலை 23. காந்தி பேசிய அதே திருநெல்வேலி. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். கைக்குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம், பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. காவல்துறையைப் பொறுப்பாக்கவில்லை. ஆற்றுக்குள் அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்பதுதானே கேள்வி? விரட்டிய தடியை விட்டுவிட்டு ஆற்றின் மேல் பழி போட்டார்கள்.

துயரம் நேர்ந்ததும் யார் காரணம் என்று தேடுவது மனித இயல்பு. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு பதில் வேண்டும். ஆனால் சாதிச் சமூகத்தில் அந்தத் தேடல் மேட்டில் ஏறுவதில்லை, பள்ளம் பார்த்தே ஓடுகிறது. கடவுள், விதி, ஆறு, சங்கம், கடைசியில் செத்தவர்கள் மீதே கூட வந்து நிற்கிறது. தீ வைத்தவனையும் தடியடிக்கு உத்தரவிட்டவனையும் மட்டும் அது தொடுவதில்லை.

ஆகவே பழி வேறு, பொறுப்பு வேறு என்பதை நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பழியை எவர் மீதும் போடலாம், அதற்குச் சாட்சி தேவையில்லை. பொறுப்புக்குப் பெயர் வேண்டும், பதவி வேண்டும், தேதி வேண்டும், கையெழுத்து வேண்டும். அடுத்த முறை ஒரு சேரி எரியும்போது, ஒரு மலக்குழியில் தோழர் ஒருவர் மூச்சுத் திணறிச் சாகும்போது, ‘விதி’ என்றோ ‘விபத்து’ என்றோ எவராவது சொன்னால், உள்ளே இறக்கியது யார், உத்தரவு யாருடையது என்று நாம் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்.