வீடே வைத்தியசாலையான கதை

சென்னையில் மின்சார ரயிலில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். தாம்பரத்துக்கு முதல் வரும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928இல் வைத்தியர் சௌரிமுத்து அங்கே காசநோயாளருக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மருந்தில்லாத அந்தக் காலத்தில் வைத்தியம் என்றால் இவ்வளவுதான். கசம் வந்த ஆளை வீட்டிலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் தள்ளி வைத்தார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, 1952இல் ஐசோனியாசிட். ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. 1955–58இல் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பின்படி, நோயைப் பரப்பக்கூடிய நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர். இத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாங்கத்தால் முடியும்?

அப்படியென்றால் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாமா? ஏழைகள் ஒழுங்காகக் குளிசை போடமாட்டார்கள், ஒரே அறையில் படுக்கிற பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அந்தப் பயம் சரிதானா என்று பார்க்கத்தான் 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் வொலஸ் பொக்ஸ்.

நகரத்தின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை எழுந்தமானமாக இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 வீதமானோருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் 86 வீதமானோருக்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வைத்தியத்தை இடையில் விட்டுப் போனவர்கள் சானடோரியத்தில்தான் அதிகம். குடும்பத்தவரை ஐந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தும் பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்கு ஆபத்துக் கூடவில்லை.

இதை வாசித்துவிட்டு, "அப்ப குளிசையைக் குடுத்துவிட்டா சரிதானே" என்று நாங்கள் நினைத்தால் பிழை. சென்னையில் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் போய்க் குளிசைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். கட்டிலைத்தான் கைவிட்டார்களே தவிர, நோயாளியைக் கைவிடவில்லை. அதே நிலையம் 1960களில், ஒருவரின் கண்முன்னே கிழமைக்கு இரண்டு தரம் மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தது. 1990களில் உலகம் முழுக்கப் பரவிய 'டொட்ஸ்' முறைக்கு வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பங்களாதேசத்தில் பிராக் நிறுவனம் 1984இல் மானிக்கஞ்சில் இந்த வேலையை ஊர்ப் பெண்களிடமே கொடுத்தது. இருமுகிறவர்களைக் கண்டுபிடிப்பதும், மருந்து விழுங்குவதைப் பார்ப்பதும் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பானது.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் இதே கதைதான். மக்கள் அறியாமையால் வைத்தியசாலைக்கு வருவதில்லை என்று சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் பனர்ஜியும் அண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர்க் கிராமங்களில் விசாரித்தபோது, காசநோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்கனவே வைத்தியசாலைப் படியேறியிருந்தார்கள். பெரும்பாலும் இருமலுக்கு ஒரு போத்தல் மருந்தோடு திரும்பியிருந்தார்கள். சளியைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

எங்கட ஊர்களில் இன்றைக்கும் காசநோய் வந்தவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு வைக்கிற வழக்கம் முற்றாகப் போகவில்லை. இந்த நோய் கோப்பையால் தொற்றுவதில்லை, காற்றால் தொற்றுகிறது. அதிலும் கண்டுபிடிக்க முன்னர்தான் ஆபத்து அதிகம், ஒழுங்காக மருந்து தொடங்கினால் அது வேகமாகக் குறைந்துவிடும். அதனால் கோப்பையைப் பிரித்து வைப்பதை விடுவோம். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிற ஆளைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். மருந்து தொடங்கினால், முடியும் வரைக்கும், "இண்டைக்குக் குளிசை போட்டாச்சோ?" என்று கேட்போம்.