லபுபுவும் தலையாட்டி பொம்மையும்: பேர் யாருக்கு?

ஆபீஸ்ல ஒரு தோழியோட பையில குட்டி லபுபு தொங்கிச்சு. விலையைச் சொன்னா. எனக்கு குலசேகரம் ஞாபகம் வந்துட்டு. ரப்பர் மரத்துல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை இழுத்து, சுத்திச் சுத்தி நாங்களே பந்து செய்வோம். செலவு பூஜ்யம்.

அப்போ ஒரு பொம்மைக்கு ஏன் இவ்வளவு விலை? கொஞ்சம் பின்னாடி போவோம்.

1999-ல ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ், தெருப் பசங்க மாதிரி பொம்மைகள் செஞ்சு கண்காட்சி வச்சார். கலைஞரோட பேரைச் சொல்லி விக்கிற 'டிசைனர் டாய்' அலை அதைச் சுத்தித்தான் எழும்பிச்சு. 2001-ல ஜப்பான்ல பேர்பிரிக் வந்தது. 2015-ல காசிங் லுங் தன்னோட படக்கதைக்காக லபுபுவை வரைஞ்சார். 2019-ல பாப் மார்ட் அதைக் கையில எடுத்தது. உள்ள எது இருக்குன்னு தெரியாத மூடின பெட்டி. அபூர்வமான பொம்மை 72 பெட்டிக்கு ஒண்ணு. 2024-ல பிளாக்பிங்க் லிசா கையில பாத்ததும் உலகமே ஓடிச்சு. 2025 ஜூன்ல பெய்ஜிங் ஏலத்துல ஆளுயர லபுபு ஒண்ணு 10.8 லட்சம் யுவானுக்குப் போச்சு. நம்ம காசுல ஒரு கோடிக்கு மேல!

ஆனா பொம்மை சேக்குறது நமக்குப் புதுசா? கொலு வைக்கிற வீட்டுல வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும்னு ஒரு வழக்கம். பாட்டியோட மரப்பாச்சி பேத்திக்கு வரும். அதை யாரும் ஏலம் விட மாட்டாங்க.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பாருங்க. அடிப்பாகம் உருண்டை, எடை முழுக்க கீழ. எப்படித் தள்ளினாலும் நிமிந்துரும். புவியீர்ப்பு மையத்தை நான் எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சேன். அந்தக் கைவினைஞர் கையாலேயே படிச்சிருக்கார். அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

இங்கதான் எனக்கு உறுத்துது. புவிசார் குறியீடு காப்பாத்துறது ஊரோட பேரை. செஞ்சவரோட பேரை இல்ல. லபுபுவுக்குப் போலி வந்தா 'லஃபுஃபு'ன்னு உலகமே சிரிக்குது, ஏன்னா அசல் யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம கொலுப் படியில நிக்கிற பொம்மைக்குக் கண் எழுதினவர் யாரு? நமக்குத் தெரியாது.

"அது பரம்பரையா வந்த வடிவம், ஒருத்தருக்குச் சொந்தம் இல்லையே"ன்னு கேக்கலாம். சரிதான். வடிவம் எல்லாருக்கும் பொது. ஆனா அந்தக் கண்ணை எழுதின கை ஒருத்தரோடது. பேர் தெரியாத கைக்கிட்ட நாம கூசாம பேரம் பேசுறோம். பேர் போட்ட பொம்மைக்கு வரிசையில நிக்கிறோம்.

அதனால மக்களே, ஒரு சின்ன வேலை. இந்த நவராத்திரிக்குப் பொம்மை வாங்கினா, செஞ்சவர் பேரை விசாரிங்க. பொம்மையைக் கவுத்து அடியில அந்தப் பேரையும் வருஷத்தையும் எழுதி வைங்க. உங்க பேத்தி எடுத்துப் பாக்கும்போது அந்தப் பேரும் அவகிட்ட போய்ச் சேரும்.

அடுத்த எபிசோடுல பாப்போம்.