முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் முள்ளோடை வந்ததும் கவனிப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: பிராந்திக் கடைகள் முடிந்துவிட்டன! ஆனால் ஒரு காலத்தில் அந்த எல்லைக்கு வேறு அர்த்தம் இருந்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. சாலை ஒன்றுதான், ஓடிய லாரியும் ஒன்றுதான். ஆனால் அந்த லாரி மோதி ஒருவருக்குக் கால் போய்விட்டால், நஷ்ட ஈடு வாங்க அவர் கோர்ட்டில் எதை நிரூபிக்க வேண்டும் என்பது, அவர் எல்லைக்கு எந்தப் பக்கம் விழுந்தார் என்பதைப் பொறுத்து மாறியது.

விபத்து வழக்குகளில் அடிபட்டவருக்கு முதல் எதிரி டிரைவரோ முதலாளியோ அல்ல, "நிரூபி" என்ற ஒற்றைச் சொல்தான். அடிபட்டவர் மயங்கிக் கிடக்கிறார். பார்த்தவர்கள் போலீஸ் வருவதற்குள் கலைந்துவிடுகிறார்கள். "அவர்தான் குறுக்கே வந்தார்" என்று டிரைவர் சொல்கிறார். தவறு டிரைவருடையது என்று காட்டாவிட்டால் கால் போனது போனதுதான், காசு கிடையாது.

ஆங்கிலேயர் பக்கம் நிலைமை இப்படித்தான் இருந்தது. செத்தவரின் குடும்பம் வழக்குப் போட 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வழி கொடுத்தது. ஆனால் அதிலும் எதிராளியின் தவறைக் காட்டியாக வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கமும் ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நெப்போலியனின் சிவில் சட்டத் தொகுப்பு 1819-இல் புதுச்சேரிக்கு வந்தது. அதன் 1382-ஆம் பிரிவும் "யார் தவறால் கேடு வந்ததோ அவர் ஈடு செய்ய வேண்டும்" என்ற வகைதான். தவறைக் காட்டுவது அடிபட்டவர் பாடு. தொழிற்சாலைகளும் நீராவி இயந்திரங்களும் பெருகிய பிறகுதான் இந்த விதி எவ்வளவு கொடுமையானது என்று பிரான்ஸில் உறைத்தது. பாய்லர் வெடித்துச் செத்த தொழிலாளியின் மனைவி யாருடைய தவறு என்று எப்படிக் காட்டுவார்? 1896-இல் அப்படி ஓர் இழுவைப் படகு வழக்கு பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றமான கசாசியோனுக்குப் போனது. பொருளை வைத்திருப்பவரே அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பு என்று 1384-ஆம் பிரிவைப் புதிதாகப் படித்தார்கள் நீதிபதிகள். இரண்டே ஆண்டில், 1898-இல், தொழிலாளர் விபத்துச் சட்டமும் வந்தது.

இங்கே ஒரு சுவாரஸ்யமான விஷயம். பாரிஸில் போட்ட புதுச் சட்டம் காலனிக்குத் தானாக வந்துவிடாது. அதைத் தனியாக அங்கே அறிவித்து அமல்படுத்த வேண்டும். ஆனால் ஏற்கனவே அமலில் உள்ள ஒரு பிரிவுக்கு கசாசியோன் புது அர்த்தம் சொன்னால் அதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. புதுச்சேரி கோர்ட்டுகளுக்கும் கடைசிப் படி அதே கசாசியோன்தான்.

அந்தப் புது அர்த்தம் சாலைக்கு வந்தது 1930 பிப்ரவரி 13 அன்று. பெல்ஃபோர் நகரில் 1925-இல் லாரி மோதி ஒரு சிறுமி காயமடைந்த வழக்கு அது. டிரைவரின் தவறை நிரூபிக்கும் பொறுப்பு சிறுமியின் தரப்புக்கு இல்லை, தன்னால் தடுக்கவே முடியாத வெளிக் காரணம் இருந்தது என்று லாரிக்காரர்தான் காட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. "நான் கவனமாகத்தான் ஓட்டினேன்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் சுமை தோள் மாறிவிட்டது!

உடனே பிரெஞ்சுப் பக்கம் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கேஸ் ஜெயித்தால் போதுமா, பணம் யார் தருவார்கள்? லாரிக்காரரிடம் லாரியைத் தவிர ஒன்றுமில்லை என்றால் தீர்ப்பு நகலை வைத்து என்ன செய்வது? பிரான்ஸிலேயே வாகன இன்சூரன்ஸ் கட்டாயமானது 1958-இல்தான். ஆங்கிலேயர் பக்கத்திலோ 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்சூரன்ஸ் பகுதி 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ஆக, ஒரு பக்கம் ஜெயிப்பது சுலபம், வசூல் சந்தேகம். மறு பக்கம் வசூலுக்கு ஆள் உண்டு, ஜெயிப்பது கஷ்டம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதன்பின் 1963-இலும் 1968-இலும் மத்திய அரசின் சட்டங்கள் கட்டுக் கட்டாக இங்கே நீட்டிக்கப்பட்டன. கோட்டுக்கு அந்தப் பக்கத்து மோட்டார் விதிகள் இந்தப் பக்கத்துக்கும் வந்தன. இன்சூரன்ஸ் கம்பெனி கிடைத்தது, கூடவே பழைய "நிரூபி"யும் வந்து சேர்ந்தது. கவனக்குறைவைக் காட்டாமல் வாகன உரிமையாளரிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று 1977-இல் மினு மேத்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

அது எந்த அளவுக்குப் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டு பஸ் வழக்கு ஒன்றே போதும். இருட்டிய பிறகு ஓடிய தனியார் பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். பயணிகள் அலறியும் டிரைவர் நிறுத்தவில்லை. ஆனால் குற்ற வழக்கில் இது கடவுளின் செயல் என்று டிரைவர் விடுதலை! கடவுளுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா என்ன? நல்லவேளையாகத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் பஸ் கம்பெனியின் மனுவைத் தள்ளுபடி செய்ததோடு, சின்னச் சின்ன சந்தேகங்களைக் காட்டி உரிமையாளர்கள் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் விடக் கூடாது என்றும் கண்டித்தார்.

1982-இல்தான் பாராளுமன்றம் அசைந்தது. யார் தவறு என்று பார்க்காமலேயே இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். பிரெஞ்சுக் கோர்ட் முழு இழப்பீட்டுக்கும் 1930-இல் செய்ததை, இங்கே 52 ஆண்டுகள் கழித்து, அதுவும் ஒரு சிறு தொகைக்கு மட்டும் செய்தார்கள். 1994-இல் அது 50,000, 25,000 என்று உயர்ந்தது. 2022 ஏப்ரல் முதல் 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். அதற்கு மேல் கேட்டால் பழையபடி கவனக்குறைவைக் காட்ட வேண்டும்.

இன்னொரு தடை காலக்கெடு. பிரெஞ்சு சிவில் தொகுப்பில் அன்று பொதுவான கெடு 30 ஆண்டுகள் (குற்ற வழக்கோடு ஒட்டிய கோரிக்கை என்றால் வெகுவாகக் குறையும்). இந்தியத் தீர்ப்பாயத்துக்கு 1956-இல் வைத்த கெடுவோ வெறும் 60 நாள்! மாவுக்கட்டு பிரிப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு அது 6 மாதமானது. 1994-இல் கெடுவையே எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தம் அதே 6 மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலானது. ஜிப்மரில் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர் அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், சம்பளச் சான்று எல்லாம் திரட்டி வக்கீலைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.